மேற்குச் சுவருக்கு ஒரு சோப்பு வாஷ்

போன மாதம் கீர்த்தனா போன் செய்தாள். நான் வேலை பார்த்த கட்டுமான நிறுவனத்தில் இப்போது சைட் இன்ஜினீயராக இருப்பவள். பழைய கட்டிடங்களின் வெளிப்புறத்தைப் புதுப்பிக்கும் வேலைக்கென்று அங்கே ஒரு நடைமுறைத் தாள் உண்டு. ‘சுவர்ப் பூச்சு முடிந்த பின்’ என்ற தலைப்பின் கீழ் அதில் கடைசி வரி, ‘ரப்பிங் பார்க்கவும்’ என்று இருக்கும்.

“ரப்பிங் பனியன் துணிக்குத்தானுங்கக்கா பார்ப்பாங்க? வெள்ளைத் துணியை வெச்சுத் தேய்ச்சு, சாயம் ஒட்டுதான்னு. செவுத்துக்கு எதுக்கு ரப்பிங்? நாச்சிமுத்து சார்கிட்டக் கேட்டா, ‘அது அம்மிணி எழுதினதுங்க, அவங்களையே கேட்டுக்கோங்க’ன்னு சொல்லிட்டுச் சிரிக்கறாரு.”

நானும் சிரித்தேன். “பெரிய கதை கண்ணு அது.”

“அப்ப எழுதிக் குடுங்கக்கா. ரிட்டயர் ஆனவங்க அனுபவத்தை எழுதினா புதுசா வர்ற எங்களுக்கு உதவியா இருக்கும்.”

எனக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டாவது மகள் பிறந்த பிறகு வேலையை விட்டேன். பதினோரு வருடத்தில் ஓய்வு பெற்றவர் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. விட்டது சரிதானா என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது யோசிக்கிறேன். இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று இப்போது அதையும் சேர்த்து யோசிக்கிறேன். சின்னவள் தூங்குகிறாள். எழுந்துகொள்வதற்குள் எழுதிவிட வேண்டும்.

சொந்த ஊர் கொமரலிங்கம். கோவையில் சிவில் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பி எண்ணினேன், சைட்டில்தான். பிறகு கல்யாணம், திருப்பூர், முதல் மகள். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பிய முதல் நாள், மேலாளர் அறையில் எனக்கு ஒரு கம்ப்யூட்டரும் மேசையும் தயாராக இருந்தன. கைக்குழந்தைக்காரியை சாரத்தில் ஏற்ற வேண்டாம் என்று முதலாளி நல்லெண்ணத்தில்தான் அப்படிச் செய்திருந்தார். நாச்சிமுத்து சார்தான் குறுக்கே வந்தார்.

அவர் எங்கள் மூத்த இன்ஜினீயர். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். கலவை இயந்திரம் நின்றுபோனால் அதனிடமும், “என்னங்க, என்ன ஆச்சுங்க?” என்று கேட்பார். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். “கொஞ்சம் உட்காருங்க” என்று அவர் சொல்லிவிட்டால் மேஸ்திரிகளுக்கு வியர்க்கும். அன்றைக்கு முதலாளியிடம், “ஆஸ்பத்திரி வேலையில மேற்குச் செவுத்தை அம்மிணி பாக்கட்டுமுங்க, நான் பொறுப்பு” என்று மட்டும் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார். “சரிங்க. சரியா வந்தா மத்த மூணு பக்கமும் அவங்களே பாக்கட்டும். வரலைன்னா மேசை இங்கயேதான் இருக்கும்.”

அந்த மேசையை நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தது நினைவிருக்கிறது.

அது ஒரு அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரி. நாற்பது வயதைத் தாண்டிய நான்கு மாடிக் கட்டிடம். மழை வழிந்த கறுப்புக் கோடுகள், ஜன்னல் விளிம்பெல்லாம் துரு, சன்ஷேடில் முளைத்த அரசங்கன்று. வரைபடம் போட்ட ஆர்க்கிடெக்ட், வெளிப்பக்கம் முழுக்க அலுமினியத் தகடு போர்த்திவிடலாம் என்று படம் வைத்திருந்தார். படத்தில் கட்டிடம் விமான நிலையம் போல இருந்தது. நாச்சிமுத்து சார் அதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “ரொம்ப நல்லா இருக்குதுங்க. சட்டை மாத்தறதுக்கு முன்னால உடம்புல புண்ணு எங்கெங்க இருக்குதுன்னு மட்டும் பாத்துக்கறோமுங்க” என்றார்.

பார்ப்பது என்றால் தட்டிப் பார்ப்பது. என் கையில் மரப்பிடி போட்ட சின்னச் சுத்தியல் ஒன்றைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பிடிப்பக்கத்தால் சுவரைத் தட்ட வேண்டும். பூச்சு சுவரோடு ஒட்டி இருந்தால் ‘டக்’கென்று கெட்டியாகக் கேட்கும். விட்டிருந்தால் ‘பொத்’தென்று, காலி டப்பா போல. பொத்தென்ற இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம். சாரத்தில் ஏறி, அடிக்கு ஒரு தட்டு என்று பதினெட்டு நாள் தட்டினேன். முடிந்தபோது மேற்குச் சுவரில் வட்டமில்லாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது. படத்தை ஆர்க்கிடெக்ட் சுருட்டி வைத்துக்கொண்டார். பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, துருவேறிய கம்பிகளைத் தேய்த்து மருந்து பூசி, கண்ணாடி இழை வலை வைத்துப் புதிதாகப் பூசுவது என்று முடிவானது.

சிக்கல் என்னவென்றால் மேற்குச் சுவருக்கு உள்பக்கம்தான் பிரசவ வார்டு. அங்கே எல்லாம் தலைமை நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் வைத்ததுதான் சட்டம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முப்பது வருடமாகத் திருப்பூரில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

“புள்ளையள் தூங்குத நேரத்துல டமார் டமார்னு தட்டுனியன்னா, சாரத்தோட ஒங்களையும் கீழ தள்ளிருவேன், பாத்துக்கிடுங்க” என்றார் முதல் நாளே.

பிறகு அவரே ஒரு அட்டவணை எழுதித் தந்தார். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை ஒருபக்க அறைகளைக் காலி செய்து தாய்மார்களை எதிர்ப்பக்கம் மாற்றிவிடுவார். கொத்து வேலை அதற்குள். பன்னிரண்டு அடித்துவிட்டால் ஓங்கிய சுத்தியலையும் நாச்சிமுத்து சார் கையால் பிடித்துக்கொள்வார். “நாளைக்குங்க” என்பார் சுத்தியலிடம். இப்படி ஐந்து வாரம். கடைசி நாள் சிஸ்டர் என்னிடம், “பொறுத்துக்கிட்டேன்மா, ஒரு தடவைன்னு. இன்னொரு தடவை கொத்துதோம்னு வந்துராத. பச்ச ஒடம்புக்காரியள கட்டிலோட இனி நகட்ட மாட்டேன்” என்றார்.

ஆடி மாதத்தில் பூச்சு வேலை நடந்தது. புதுப் பூச்சு ஏழு நாளாவது ஈரமாக இருந்தால்தான் இறுகும். ஆடிக் காற்று திருப்பூரில் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் அடித்த சுவர் அரைமணியில் காய்ந்துவிடும். மற்ற ஊர்களில் சணல் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவார்கள். எங்கள் ஊரில் சாக்கைவிடச் சுலபமாகக் கிடைப்பது பனியன் துணி வேஸ்ட். கம்பெனிகளில் கழித்துக்கட்டிய துணி லோடு லோடாக வரும். நன்றாகத் தண்ணீர் குடிக்கும், காற்றில் பறக்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் எப்போதும் வாங்குவது வெள்ளை.

ஒரு சனிக்கிழமை. காற்று அதிகமாகி, கையிருப்புத் துணி மேல் இரண்டு மாடிக்கே சரியாகிவிட்டது. அவசரமாக இன்னொரு லோடு கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். ‘பனியன் வேஸ்ட், காட்டன், ஒரு லோடு.’ எழுதிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மகளுக்கு ஒன்பது மாதம். தடுப்பூசி போட்ட காய்ச்சல். ஆறு மணிக்கு அவளைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பூச்சு வேலைக் குழுவின் தலைவன் முன்னா. பீகாரில் இருந்து வந்தவன். தமிழை எங்களைவிட மரியாதையாகப் பேசுவான், அதாவது அவனுக்குத் தெரிந்த நாற்பது சொற்களை.

“மேடம், லோடு வந்துச்சு. துணி கலர் இருக்குங்க. லால் கலர், சிவப்பு. போடலாமாங்க?”

மகள் வீறிட்டாள். அத்தை சமையலறையில் இருந்து, “கஷாயம் ஆறுது, குடுக்கலையா?” என்றார்.

“காட்டன்தானே?” என்றேன்.

“காட்டன்தாங்க.”

“அப்ப போட்டுருங்க.”

பதினைந்து வினாடி இருக்கும் அந்தப் பேச்சு. அதை நான் எத்தனை முறை திரும்பப் பேசிப் பார்த்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஞாயிறு காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கூப்பிட்டார். “அம்மிணி, சீக்கிரம் வாங்க. ஆஸ்பத்திரிக்குள்ள இருந்து சாயத்தண்ணி ஓடுதுங்க. ரோட்டுல கூட்டம் கூடிப்போச்சு.”

எங்கள் ஊரில் தெருவில் சிவப்புத் தண்ணீர் ஓடினால் என்ன ஆகும் என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். ஆற்றைக் கெடுத்தது, சாயப்பட்டறைகளை மூடியது, திறந்தது என்று ஊரே பட்டு எழுந்த விஷயம் அது. நான் போனபோது பத்திருபது பேர் கால்வாயைச் சுற்றி நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். “ஆஸ்பத்திரிக்குள்ள திருட்டுத்தனமா பட்டறை ஓட்டறாங்களாட்ட இருக்குது!” என்றார் ஒருவர். “ஆபரேசன் தண்ணிங்க அது” என்றார் இன்னொருவர். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் வாந்தி வருகிறது என்று நகர்ந்தார்.

உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தேன். கீழ் இரண்டு மாடிக்குச் சுவர் முழுவதும் மாதுளை நிறத் துணி. முன்னாவின் ஆட்கள் அதிகாலையிலேயே வந்து அக்கறையாகத் தண்ணீர் அடித்திருந்தார்கள். துணியின் ஓரத்தை விலக்கினேன். எங்கள் புதுப் பூச்சு, பல் துலக்கும் பசை போல வழவழவென்று இருக்க வேண்டிய சாம்பல் பூச்சு, ரோஸாக இருந்தது.

சாயம் போகிறது என்பதற்காகவே கம்பெனி கழித்த லோடு அது. துவைத்தால் நிறம் விடுகிற துணி. பனியன் ஊரில் வாழ்ந்துகொண்டு, நிறம் விடும் துணியை ஈரச் சுவரில் ஒட்டவைத்த இன்ஜினீயர் அநேகமாக நான் ஒருத்திதான்.

துணியை எல்லாம் இழுத்துப் போட்டோம். நாச்சிமுத்து சார் தன் மொபெட்டில் வந்து இறங்கினார். சுவரைப் பார்த்தார். விரலால் தேய்த்தார், விரலைப் பார்த்தார்.

“யாருங்க போடச் சொன்னது?”

முன்னா தரையைப் பார்த்துக்கொண்டு, “லோடு வந்துச்சு சார். நான் போட்டது” என்றான்.

பொய் இல்லை அது. லோடு வந்தது, அவன்தான் போட்டான். நான் வாயைத் திறக்கவில்லை என்றால் அதோடு முடிந்துவிடும். அவன் குழுவை வேறு சைட்டுக்கு அனுப்புவார்கள், அல்லது ஊருக்கு. மேசை எனக்காகக் காத்திருக்காது. இதை எல்லாம் நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. முழுதாக ஒரு மூச்சு விடும் நேரம் நினைத்தேன்.

“அவர் கேட்டாருங்க சார், கலர் துணி போடலாமான்னு. நான்தான் போன்ல போடச் சொன்னேன். சீட்டுலயும் வெள்ளைன்னு எழுதலை.”

நாச்சிமுத்து சார் என் பக்கம் திரும்பினார். “கொஞ்சம் உட்காருங்க அம்மிணி.”

சிமெண்ட் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். அவரும் எதிரே இன்னொரு மூட்டையில் உட்கார்ந்தார்.

“எனக்கும் இதுக்கு வழி தெரியலைங்க” என்றார்.

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவருக்கே தெரியவில்லை என்றதும் அழுகை வரவில்லை.

எட்டு நாள் கழித்து வரும் திங்கட்கிழமை முதலாளி சுவரைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் கறை போக வேண்டும். இந்தச் சாயத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் ஒரே மழையில் ரோஸ் மேலே வந்துவிடும். போகவில்லை என்றால் இரண்டு மாடிப் பூச்சையும் திரும்பக் கொத்த வேண்டும். ஸ்டெல்லா சிஸ்டரிடம் போய் அதை யார் சொல்வது?

ஆசிட்டை நன்றாக நீர்க்க வைத்துக் கழுவிப் பார்க்கலாமா என்று சார் கேட்டார். டைல்ஸ் வேலையில் செய்வதுண்டு. எனக்குத் தயக்கம். அவர் சொல்வதை மறுப்பதா? ஆனாலும் சொன்னேன், “பூச்சுப் போட்டு மூணு நாள்கூட ஆகலைங்க சார். ஆசிட் சிமெண்டைத் தின்னுரும்.” அவர் யோசித்து, “அதுஞ் சரிதானுங்க” என்றார். மூலையில் மூன்று கட்டங்கள் வரைந்து சோதிக்கலாம் என்றேன். ஒன்றில் பச்சைத்தண்ணீர், ஒன்றில் பிளீச்சிங் பவுடர், மூன்றாவது என்னவென்று தோன்றவில்லை. பச்சைத்தண்ணீருக்குக் கறை அசையவில்லை. பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் திறந்ததுமே மேலே ஜன்னல் திறந்தது.

“யாரது பிளீச்சிங் போடுதது? பொறந்து ரெண்டு நாள் ஆவாத புள்ளையள் இருக்குன்னு நெனப்பு இருக்கா இல்லையா? மூடுமா அதை!”

மூடினேன். சிஸ்டர் ஜன்னல் வழியாக எட்டிச் சுவரைப் பார்த்தார். பிறகு, “என்னம்மா இது, எக்ஸ்போர்ட் ஆர்டர் கணக்கா பொம்பளப் புள்ளைக்கு ரோஸ் அடிச்சிருக்கிய? ஆம்பளப் புள்ளை பெத்தவளுக்கு நீலம் எங்க?” என்றார். வார்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையில் நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருக்கவில்லை.

மூன்றாவது கட்டத்துக்கு ஆள் மறுநாள் திங்கட்கிழமை வந்தார். கையில் மிட்டாய்ப் பெட்டியோடு, வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் வாட்ச்மேன், ஆயா, ஆட்டோக்காரர் என்று எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டு வந்தவர், சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். எனக்கு மிட்டாய் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

“ஏனுங்கம்மா, இது யாருங்க ஓட்டின லாட்டு?”

“எந்த லாட்டுங்க?”

“இந்தச் செவப்புச் சாயம் ஏத்தின துணியைச் சொல்றேனுங்க.” கைக்குட்டையை நனைத்து, சுவரில் ஒத்தி எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். “சோப்பிங் போடாமயே துணியை வெளிய விட்டிருக்கான், படுபாவி. என் பட்டறையா இருந்தா மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பிருப்பேன்.”

அவர் பெயர் அப்துல் காதர். சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். எல்லோருக்கும் காதர் பாய். அவர் மிட்டாய்ப் பெட்டியை மூட்டைமேல் வைத்துவிட்டு எங்களுக்கு விளக்கினார். துணிக்குச் சாயம் ஏற்றும்போது கொஞ்சம் நூலோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் ஒட்டாமல் சும்மா தங்கி நிற்கும். அந்த ஒட்டாத சாயத்தைக் கொதிக்கக் கொதிக்கச் சோப்புத் தண்ணீரில் அலசி வெளியேற்ற வேண்டும். அதற்குப் பெயர்தான் சோப்பிங். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் துணி வாழ்நாள் முழுக்க நிறம் விடும்.

“ஒட்டின சாயம் துணியோடவே போச்சுங்க. உங்க செவுத்துக்கு வந்தது ஒட்டாதது. அதுக்குப் பிடிச்சுக்கப் பருத்தி வேணும். சிமெண்டுல என்னத்தைப் பிடிக்கும்? சுடுதண்ணியும் சோப்பும் போடுங்க, ஓடிரும்.”

நாச்சிமுத்து சார் கேட்டார், “செவுத்துக்கு நீங்க போட்டுப் பாத்திருக்கீங்களா பாய்?”

“நாப்பது வருஷத்துல ஒருத்தனும் செவுத்தைச் சாயம் போட்டுட்டு எங்கிட்ட வந்ததில்லைங்க சார். நீங்கதான் மொதல்ல.”

மூன்றாவது கட்டத்தில் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தோம். நுரை ரோஸாக ஓடியது. அடியில் சாம்பல் தெரிந்தது. முழுதாக இல்லை, ஆனால் தெரிந்தது. முன்னா ஹிந்தியில் ஏதோ கத்தினான். காதர் பாய் அப்போதுதான் மறந்த மிட்டாயை எனக்குக் கொடுத்தார்.

ஆனால் உடனே கழுவ முடியாது. பூச்சு ஏழு நாள் இறுக வேண்டும். அதுவரை வெள்ளைத் துணி போட்டு நனைத்துக்கொண்டே காத்திருந்தோம். துணி விலகிய இடமெல்லாம் ரோஸ் தெரிந்தது. டவுன் பஸ் கண்டக்டர், “ரோஸ் ஆஸ்பத்திரி எறங்கு!” என்று கூவ ஆரம்பித்துவிட்டார். கம்பெனி வேனில் போகும் பெண்கள் தலையை நீட்டிப் பார்த்து, “ஷேடு நல்லாருக்குதுங்க மேடம், பல்க்குக்குப் போயிரலாம், மொத்த ஆர்டரும் இதே கலர்தான்” என்று கத்துவார்கள். வெட்கமாகவும் இருந்தது, ஒரு மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது. ஊரே கவனிக்கிற சுவர் என்று இதற்குமுன் நான் ஒன்றைக் கட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆரம்பித்தோம். சலவை அறை அந்தச் சுவரின் கீழேயே இருந்தது. அதன் வெந்நீர்க் குழாயில் சின்ன மோட்டாரும் ஹோஸும் மாட்டினோம். சாரத்தில் நிற்பவர்கள் மேல் படக்கூடாது என்று சூட்டை நானே மேலே ஏறிக் கையில் விட்டுப் பார்த்துக் குறைத்தேன். சுவரின் அடியில் மணல் வரப்புக் கட்டி, ஓடி வரும் தண்ணீரைத் தேக்கி, ஆஸ்பத்திரியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்குத் திருப்பினோம். “ஒரு சொட்டு ரோட்டுக்குப் போனாலும் சோலி முடிஞ்சுதுங்க” என்று காதர் பாய் சொல்லியிருந்தார். பேத்தியைப் பார்க்கத் தினமும் வந்தவர், அந்த மூன்று நாளும் பேத்தியைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தார் என்று அவர் மகள் குறைப்பட்டுக்கொண்டாள்.

மேலிருந்து கழுவப் போன முன்னாவை அவர்தான் தடுத்தார். “மொதல்ல கீழ இருந்து மேல வரைக்கும் பச்சத்தண்ணியால நனைங்க. காஞ்ச செவுத்துல சாயத்தண்ணி வழிஞ்சா அது குடிச்சுக்கும். வயிறு நெறைஞ்சவன் எதுக்குக் குடிப்பான்?”

நனைத்தோம். பிறகு மேலிருந்து சோப்பும் வெந்நீரும், நைலான் பிரஷும். ஒவ்வொரு கழுவலின் தண்ணீரையும் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வார்டு ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைக்கச் சொன்னேன், நிறம் குறைகிறதா என்று பார்க்க. முதல் டம்ளரைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லா சிஸ்டர், “ரோஸ் மில்க் யாருக்கும்மா?” என்றார். இரண்டாவது கொஞ்சம் வெளுத்தது. மூன்றாவது இன்னும். சனிக்கிழமை மத்தியானம் ஐந்தாவது டம்ளர் வைத்தபோது அதன் வழியாக உள்ளே தொட்டிலில் கிடந்த குழந்தையின் முகம் தெரிந்தது.

சுவர் வெளுத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஈரச் சுவரை எப்படி நம்புவது? எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்போதுதான் பாயிடம் கேட்டேன், துணியில் சாயம் நின்றுவிட்டது என்று நீங்கள் எப்படி முடிவு செய்வீர்கள் என்று.

“ரப்பிங்தானுங்க. கண்ணு ஏமாத்தும், வெள்ளைத் துணி ஏமாத்தாது.”

ஞாயிற்றுக்கிழமை, காய்ந்த சுவரில் நாற்பது கட்டங்கள் வரைந்தேன். உள்ளங்கை அளவு வெள்ளைப் பனியன் துணி; ஒரு கட்டத்தில் பத்து முறை தேய்க்க வேண்டும், முதலில் காய்ந்த துணியால், பிறகு இன்னொரு துண்டை நனைத்து. தேய்த்த துண்டுகளைக் கட்ட எண்ணோடு ஒரு அட்டை நோட்டில் குத்தினேன். மகளை அத்தையிடம் விட்டு வந்திருந்தேன். காய்ச்சல் போய்ச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தேய்க்க, முன்னா அட்டையைப் பிடித்தான். ஒன்று வெள்ளை. இரண்டு வெள்ளை. முப்பது வரை வெள்ளை. முப்பத்தொன்று, முதல் மாடி சன்ஷேடுக்கு அடியில், யாரும் எட்டிப் பார்க்காத மூலை. ஈரத் துணியில் மெல்லிய ரோஸ்.

“இது யாருக்கும் தெரியாதுங்க மேடம்” என்றான் முன்னா மெதுவாக.

“எனக்குத் தெரியுமே முன்னா.”

அவன் பெருமூச்சு விட்டு ஹோஸை எடுக்கப் போனான். சன்ஷேடின் அடி முழுவதையும் இன்னும் இரண்டு முறை கழுவினோம். மறுபடி காயவிட்டு, மறுபடி தேய்த்தேன். வெள்ளை. நாற்பதும் வெள்ளை.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். பஸ் கண்டக்டர் வரைக்கும் தெரிந்த விஷயம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? சுவரைச் சுற்றி வந்தார், அங்கங்கே தட்டினார். எல்லா இடமும் ‘டக்.’ அட்டையை நீட்டினேன். என்ன செய்தேன், எதனால் செய்தேன், யார் போடச் சொன்னது என்று முதல் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தேன். நாற்பது ஜோடி வெள்ளைத் துண்டுகளையும் புரட்டினார். முப்பத்தொன்றில் மட்டும் இரண்டு ஜோடித் துண்டுகள் இருந்தன. முதல் ஜோடியில் ஒன்று ரோஸ். அதை நான் எடுத்துப் போட்டுவிடவில்லை.

“இதை ஏனுங்க வெச்சிருக்கீங்க?”

“அது அப்படித்தானுங்க இருந்துச்சு. ஒரு தடவையில போகலை.”

அவர் அட்டையை மூடி நாச்சிமுத்து சாரிடம் கொடுத்தார். “வடக்குப் பக்கம் யாருங்க பாக்கறது?”

“நீங்க சொன்னதுதானுங்க. மேற்கு சரியா வந்தா மத்ததும் அம்மிணிதான்னு.”

முதலாளி ஒரு கணம் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். “சரியாத்தான் வந்திருக்குது. சுத்திக்கிட்டு வந்திருக்குது” என்றார். சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியதை நாச்சிமுத்து சாரிடம் சொன்னேன். “சார், நான் வடக்குச் செவுரு பாக்கறேனுங்க. ஆனா ஒண்ணு. ஊட்டுல இருக்கும்போது போன் பண்ணி, போடலாமா வேண்டாமான்னு கேட்டா இனிமே நான் பதில் சொல்ல மாட்டேன். அடுத்த நாள் வந்து, கையில எடுத்துப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். அதனால ஒரு நாள் தாமதமாகும். எல்லா லோடுக்கும் ஆகும்.”

அவர் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். “அந்த ஒரு நாளைச் சேர்த்துத்தானுங்க அம்மிணி நான் வடக்குச் செவுத்துக்குத் தேதி போட்டிருக்கறேன்.”